கேள்வி–பதில்: ஆறுதல் குவிகிறது, ஆராய்ச்சிக்குப் பணம் வரவில்லையே?

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர்களைப் போடவில்லை. வீட்டில் நோயாளி இருப்பதை வெளியே சொல்வதா வேண்டாமா என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு.

கேள்வி: என் மகனுக்கு ஓர் அரிய தசை நோய். மருந்து கிடையாது, ஆராய்ச்சியும் பெரிதாக நடக்கவில்லை. சில பெற்றோர்கள் சேர்ந்து வீடியோ போடுகிறோம், விழிப்புணர்வு நாளன்று ரிப்பன் குத்திக்கொள்கிறோம், ஓட்டம் நடத்துகிறோம். பார்க்கிறவர்கள் மனம் உருகி ஆறுதல் சொல்கிறார்கள். ஆராய்ச்சிக்கு மட்டும் ஒரு பைசா வந்து சேரவில்லை. எங்கே தப்பு?

பதில்: தப்பு இல்லை அம்மா, வேலை பாதியில் நிற்கிறது, அவ்வளவுதான். உங்கள் வீடியோவைப் பார்த்து முடித்தவர் அடுத்த நிமிடம் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறதா? "எல்லோருக்கும் தெரியப்படுத்துங்கள்" என்று முடித்தால் அவர் நாலு பேருக்கு அனுப்பிவிட்டுப் போய்விடுவார். நீங்கள் கேட்டதை அவர் செய்துவிட்டார், அவர் மேல் குறை சொல்ல முடியாது.

1938-ல் அமெரிக்காவில் போலியோவுக்காகப் பணம் திரட்டிய கதையைப் பாருங்கள். அதிபர் ரூஸ்வெல்ட்டே போலியோவால் நடக்க முடியாமல் போனவர். எடி கேன்டர் என்ற நகைச்சுவை நடிகர் வானொலியில் கேட்டது ஒரே ஒரு விஷயம்தான்: ஒரு டைம், அதாவது பத்து சென்ட் நாணயம், அதை வெள்ளை மாளிகைக்குத் தபாலில் அனுப்புங்கள். என்ன கொடுக்க வேண்டும், எங்கே அனுப்ப வேண்டும், இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருந்தன, பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் செய்யக்கூடியதாக இருந்தது. 26 லட்சத்து 80 ஆயிரம் நாணயங்கள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. அந்த இயக்கத்தின் பணத்தில்தான் பிறகு போலியோ தடுப்பூசியை உருவாக்கிய ஜோனாஸ் சால்க்கின் ஆய்வகம் நடந்தது, 1954-ல் சுமார் 18 லட்சம் குழந்தைகள் பங்கெடுத்த தடுப்பூசிச் சோதனை நடந்தது, 1955 ஏப்ரல் 12 அன்று தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பு வந்தது. இந்தக் கதையில் எல்லோரும் நாணயத்தைப் பற்றியே பேசுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது, அந்த நாணயம் போய்ச் சேர்ந்த இடத்தில் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று முடிவு செய்ய ஓர் அமைப்பு இருந்ததுதான். மழை எவ்வளவு பெய்தாலும் வாய்க்கால் வெட்டாத வயலுக்குத் தண்ணீர் போய்ச் சேராது.

அதனால் அடுத்த வீடியோ எடுப்பதற்கு முன்னால் உங்கள் குழு ஒரு பக்கம் எழுதி வைக்கட்டும். உங்கள் நோயில் விஞ்ஞானிகளுக்கு இப்போது விடை தெரியாமல் தடுக்கி நிற்கும் கேள்வி எது, அதை எந்த ஆய்வகம் எடுத்துச் செய்யத் தயாராக இருக்கிறது, எவ்வளவு செலவாகும், எத்தனை மாதம் ஆகும். இது தெரியாவிட்டால் அந்த நோயைப் பற்றிக் கட்டுரை எழுதிய விஞ்ஞானிகளுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள், ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முகவரி இருக்கும். ஆள் குறைவான துறையில் வேலை செய்கிறவர்கள் நோயாளியின் குடும்பம் எழுதினால் சந்தோஷப்படுவார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல குழுக்கள் "எங்களால் கோடிக்கணக்கில் திரட்ட முடியுமா" என்று மலைத்துப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கோடிகள் பெரும்பாலும் அரசு நிதியிலிருந்தும் கம்பெனிகளிடமிருந்தும்தான் வரும். ஆனால் அரசு நிதிக்கு விண்ணப்பிக்கிற விஞ்ஞானியிடம், முதல்கட்டத் தரவு கையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். அதை எடுக்கப் பணம் வேண்டும், அந்தப் பணத்துக்கு விண்ணப்பித்தால் தரவு கேட்பார்கள். அரிய நோய்கள் பலவும் இந்த முட்டுச்சந்தில்தான் மாட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் திரட்டும் சின்னப் பணம் பாய வேண்டிய இடம் இதுதான்: ஓர் ஆராய்ச்சி மாணவரின் ஓராண்டுச் சம்பளம், ஒரு சிறு சோதனைக்கான செலவு. அது ஒரு பெரிய நிதிக்குக் கதவைத் திறந்துவிடும். "எங்கள் குழந்தைகளைக் காப்பாற்றுங்கள்" என்று கேட்பதைவிட "இந்தச் சோதனைக்கு இவ்வளவு தேவை, இதுவரை இவ்வளவு சேர்ந்திருக்கிறது" என்று கேட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கேள்வி: தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்களே, அதனால் உருப்படியாக ஏதாவது நடந்ததா, இல்லை வெறும் கூத்தா?

பதில்: நடந்தது. தலையில் ஐஸ் தண்ணீர் ஊற்றி வீடியோ போட்டு, அடுத்தவரையும் ஊற்றவோ நன்கொடை தரவோ அழைக்கும் சவால் அது. 2014 கோடையில் அமெரிக்காவின் ஏ.எல்.எஸ் சங்கத்துக்கு மட்டும் சுமார் 11.5 கோடி டாலர் வந்தது, அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆராய்ச்சிக்குப் போனது. ஏ.எல்.எஸ் என்பது மூளையும் தண்டுவடமும் தசைகளுக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகிற நோய். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. இந்தச் சவாலைப் பரப்பிய பீட் ஃப்ரேட்ஸ், பாட் க்வின் இருவருமே ஏ.எல்.எஸ் நோயாளிகள், இருவரும் இப்போது இல்லை.

அந்தப் பணத்தின் உதவியோடு பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து 2016-ல் என்.இ.கே 1 என்ற மரபணுவுக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மருந்துக்கும் கொஞ்சம் நிதி போனது. 2022-ல் அதற்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்து எல்லோரும் கொண்டாடினார்கள். ஆனால் அடுத்த பெரிய சோதனையில் பலன் இல்லை என்று தெரிந்ததும் 2024-ல் கம்பெனியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இதைக் கேட்டதும் "பார்த்தீர்களா, பணம் வீண்" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். பலன் தராத மருந்தைத் தராது என்று சோதித்து உறுதி செய்வதும் ஆராய்ச்சிதான், அதற்கும் செலவாகும். அதனால்தான் பணம் கொடுக்கிறவர்களிடம் "உங்கள் நூறு ரூபாயில் மருந்து வந்துவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள் என்கிறேன். ஒரு தடவை ஏமாந்ததாக நினைத்தவர் மறுபடி தர மாட்டார்.

ஐஸ் தண்ணீரைப் பார்த்து எத்தனையோ அமைப்புகள் தாங்களும் ஒரு சவால் என்று கிளம்பின. அந்த அளவுக்குப் பரவும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள், அது யார் கையிலும் இல்லை. ஆனால் அதிர்ஷ்டம் அடிக்கிற நாளில் பணத்தை வாங்கிச் சரியான ஆய்வகத்துக்கு அனுப்பும் ஏற்பாடு தயாராக இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. ஏ.எல்.எஸ் சங்கத்திடம் அந்த ஏற்பாடு பல ஆண்டுகளாகவே இருந்தது.

கேள்வி: எங்கள் நோய் உலகம் முழுக்கத் தேடினாலும் சில நூறு பேருக்குத்தான் இருக்கும் என்கிறார் மருத்துவர். இவ்வளவு கொஞ்சம் பேருக்காக எந்த விஞ்ஞானி மெனக்கெடுவார்?

பதில்: மெனக்கெட்டிருக்கிறார்கள். புரோஜீரியா என்று ஒரு நோய், குழந்தை சின்ன வயதிலேயே வேகமாக முதுமை அடைந்துவிடும், பெரும்பாலும் பதின்ம வயதிலேயே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ இறந்துவிடும். பல லட்சம் பிறப்புகளில் ஒன்று. லெஸ்லி கோர்டனும் ஸ்காட் பெர்ன்ஸும் மருத்துவத் தம்பதி. மகன் சாமுக்கு இந்த நோய் என்று 1998-ல் தெரிந்தபோது இதற்கென ஓர் ஆய்வுத் திட்டமோ நிதியோ இல்லை. அடுத்த ஆண்டே ஓர் அறக்கட்டளை ஆரம்பித்தார்கள். முதலில் செய்த வேலைகளில் ஒன்று, நோயுள்ள குழந்தைகளின் செல்களையும் திசுக்களையும் சேகரித்து ஒரு வங்கி வைத்தது. எந்த நாட்டு விஞ்ஞானி கேட்டாலும் அங்கிருந்து செல்கள் போகும். 2003-ல் காரணமான மரபணுப் பிழை கண்டுபிடிக்கப்பட்டது. புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட லோனாஃபார்னிப் என்ற மருந்தை இதற்குச் சோதித்தார்கள், 2020 நவம்பரில் அனுமதி கிடைத்தது. அது நோயைக் குணமாக்காது, ஆயுளை நீட்டிக்கிறது. சாம் 2014-ல், 17 வயதில் இறந்தான். மருந்துக்கு அனுமதி வந்ததை அவன் பார்க்கவில்லை.

இதில் உங்களுக்கு மிகவும் பயன்படும் பகுதி 2009-ல் நடந்தது. உலகில் சுமார் 200 குழந்தைகளுக்கு இந்த நோய் இருக்கலாம் என்று ஒரு கணக்கு இருந்தது, அறக்கட்டளைக்குத் தெரிந்தவர்களோ ஐம்பது சொச்சம் பேர்தான். "மற்ற 150 பேரைத் தேடுவோம்" என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள். அந்தக் குழந்தைகளின் தோற்றம் எப்படி இருக்கும் என்று பல மொழிகளில் விளக்கிப் பரப்பினார்கள். விழிப்புணர்வு என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இதுதான். மக்களின் அனுதாபத்தைத் தேடாமல் நோயாளிகளைத் தேடிப் போனார்கள். எத்தனை பேர் எங்கே இருக்கிறார்கள் என்ற பட்டியல் இருந்தால்தான் ஒரு மருந்துச் சோதனையை நடத்த முடியும். ஒரு கம்பெனி முதலில் கேட்பதும் அதைத்தான். ஆகவே பதிவேடு ஆரம்பியுங்கள்: நோய் உறுதியான வயது, மரபணுச் சோதனை முடிவு, முதல் அறிகுறி, ஒவ்வொரு ஆண்டும் என்ன மாறியது. ஒப்புதல் படிவத்தையும் தகவல் பாதுகாப்பையும் மட்டும் தெரிந்தவர்களை வைத்துச் சரியாகச் செய்யுங்கள், அதில் அவசரம் வேண்டாம்.

ஹன்டிங்டன் நோயின் கதையையும் சொல்லாமல் விட மனமில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வர சரிபாதி வாய்ப்புள்ள மூளை நோய் அது. பிற்காலத்தில் இந்த நோயை ஆராய்ந்த நான்சி வெக்ஸ்லரின் அம்மாவுக்கு 1968-ல் அது உறுதியானது. அப்பா மில்டன் அதே ஆண்டு ஓர் அறக்கட்டளை தொடங்கி, வெவ்வேறு துறைகளைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகளைக் கூப்பிட்டு ஒரே அறையில் உட்கார வைத்துப் பேசவைத்தார். அந்தக் கூட்டங்களில் நோயாளிகளும் விஞ்ஞானிகளுக்கு எதிரே உட்கார்ந்து பேசுவார்கள். செல்லையும் மரபணுவையும் மட்டுமே பார்த்தவர்கள் அன்றுதான் கை நிற்காமல் ஆடுகிற மனிதரைப் பார்ப்பார்கள். 1979-லிருந்து நான்சி வெனிசுவேலாவின் மரக்கைபோ ஏரிக்கரைக் கிராமங்களுக்குப் போனார், அங்கே இந்த நோய் தலைமுறை தலைமுறையாகப் பெரிய குடும்பங்களில் இருந்தது. வெளியூர்க்காரர்கள் வந்து ரத்தமும் தோலும் கேட்டால் யார் கொடுப்பார்கள்? தன் கையில் தோல் மாதிரி எடுத்த தழும்பைக் காட்டினார். அவரும் அதே நோயுள்ள குடும்பம்தான் என்று தெரிந்ததும் ஜனங்கள் கொடுத்தார்கள். அந்த ரத்த மாதிரிகளின் துணையோடு 1983-ல் பிழை எந்தக் குரோமோசோமில் இருக்கிறது என்று தெரிந்தது, 1993-ல் மரபணுவே கிடைத்தது. நான்சி தனக்கும் அந்த நோய் வந்திருப்பதை 2020-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

கேள்வி: குழந்தை அழுவதைக் காட்டினால்தான் பணம் வருகிறது என்கிறார்கள் குழுவில். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: ஒப்ப வேண்டாம். அமெரிக்காவில் தசைச் சிதைவு நோய்க்காகப் பல ஆண்டுகள் தொலைக்காட்சியில் மணிக்கணக்காக நிதி திரட்டும் நிகழ்ச்சி நடந்தது, பெரும் பணமும் வந்தது. தசை நோயோடு வாழ்ந்த ஈவன் கெம்ப் என்ற வழக்கறிஞர் 1981-ல் அதை எதிர்த்துப் பத்திரிகையில் எழுதினார். இரக்கத்தைக் காட்டிக் காசு வாங்கும்போது, இந்த நோயோடு வளர்ந்து வேலை பார்த்து வாழ்கிறவர்களை மக்கள் மனிதராகவே பார்க்காமல் போகிறார்கள் என்பது அவர் வாதம். இத்தனைக்கும் அந்த அமைப்பைத் தொடங்கியவர்களில் அவருடைய பெற்றோரும் உண்டு.

நோயை மறைக்கச் சொல்லவில்லை. மகள் சட்டைப் பொத்தான் போட எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வெட்டாமல் அப்படியே காட்டுங்கள், அதைப் பார்த்தவர் மறக்க மாட்டார். ஆனால் அவளிடம் கேட்டுவிட்டுக் காட்டுங்கள், நாளைக்குப் பெரியவளானதும் அவளே பார்த்துச் சங்கடப்படாத மாதிரி இருக்கட்டும். முடிந்தால் நோயுள்ள பெரியவர்களைப் பேசவிடுங்கள். நோமா என்று ஒரு நோய், சத்துக்குறைவான சின்னக் குழந்தைகளின் ஈறில் ஆரம்பித்துச் சில நாட்களில் முகத்தையே அரித்துவிடும். சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பேர் வரை இறந்துபோகிறார்கள், ஆரம்பத்திலேயே பார்த்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கே போதும். அதிலிருந்து பிழைத்த ஃபிடெல் ஸ்ட்ரப், முலிகத் ஒகன்லாவன் இருவரும் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கி, தங்கள் முகத்தோடு, தங்கள் குரலில் பேசினார்கள். நைஜீரியா அரசும் முன்னின்றது. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி: எங்கள் நோய் அரிதே இல்லை, லட்சக்கணக்கானவர்களுக்கு இருக்கிறது. அப்புறம் ஏன் நிதி இல்லை?

பதில்: எத்தனை பேருக்கு நோய் என்பதை மட்டும் பார்த்து நிதி போவதில்லை. யார் நோயாளி, அவர் வெளியே தெரிகிறாரா, மருத்துவர்கள் அதை நோய் என்றே நம்புகிறார்களா, எல்லாம் சேர்ந்துதான். எம்.இ என்றும் நாட்பட்ட களைப்பு நோய் என்றும் சொல்கிறார்களே, அமெரிக்காவில் மட்டும் 8,36,000 முதல் 25 லட்சம் பேர் வரை அதோடு வாழ்வதாக 2015-ல் அங்குள்ள மருத்துவக் கழக அறிக்கை சொன்னது. பெரும்பாலானவர்களுக்கு நோய் கண்டறியப்படவே இல்லை. நான்கில் ஒருவராவது ஏதோ ஒரு கட்டத்தில் வீட்டை விட்டோ படுக்கையை விட்டோ நகர முடியாமல் போகிறார்கள். கொஞ்சம் உடம்பை அசைத்தாலே அடுத்த நாள் இன்னும் மோசமாகிற நோய் இது, ஊர்வலத்துக்கு எப்படி வருவார்கள்? 2016-ல் அவர்கள் தங்கள் செருப்பையும் ஷூவையும் அனுப்பினார்கள். பல நகரங்களில் அரசு அலுவலகங்களுக்கு எதிரே காலணிகளை வரிசையாக வைத்தார்கள், அவற்றைப் போட்டிருந்தவர் யார், எந்த வேலையில் இருந்தார், எத்தனை வருடமாகப் படுக்கையில் இருக்கிறார் என்று அட்டை எழுதிக் கட்டி. நோயாளிகள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறார்கள் என்பதையே காட்டிய போராட்டம் அது.

கேள்வி: நாம் பணம் திரட்டி ஆராய்ச்சி செய்ய வைத்து, கடைசியில் மருந்தை யாராலும் வாங்க முடியாத விலையில் விற்கிறார்களே?

பதில்: நியாயமான கோபம். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்பது நுரையீரலில் கெட்டியான சளி கட்டிக்கொள்ளும் பரம்பரை நோய். அதற்கான அமெரிக்க அறக்கட்டளை, நோயாளிக் குடும்பங்கள் திரட்டிய பணத்தில் ஒரு கம்பெனியின் ஆராய்ச்சிக்கு முதலீடு செய்தது. 2012-ல் வந்த முதல் மருந்தின் விலை ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் டாலர். அறக்கட்டளைக்கு வரவேண்டிய உரிமத் தொகையை 2014-ல் விற்றபோது 330 கோடி டாலர் கிடைத்தது, அது மறுபடி ஆராய்ச்சிக்கும் நோயாளிகளுக்கும் பயன்படும் என்றார்கள். அந்த மருந்துகள் உயிர் காக்கின்றன என்பதில் சந்தேகமே இல்லை. அதே மருந்துகள் கிடைக்காமல் பல நாடுகளில் குடும்பங்கள் தவித்ததும் உண்மை.

என் கருத்து இது: பணம் கொடுப்பதற்கு முன்பே ஒப்பந்தத்தில் விலையைப் பற்றியும், ஏழை நாடுகளில் கிடைப்பதைப் பற்றியும், கம்பெனி பாதியில் கைவிட்டால் தரவு யாருக்கு என்பதைப் பற்றியும் எழுதி வாங்குங்கள். கொடுத்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அப்படியும் விலை ஏறினால் சத்தம் போடத் தயங்காதீர்கள். எய்ட்ஸுக்கான முதல் மருந்து ஏ.இசட்.டி 1987-ல் ஆண்டுக்கு 10,000 டாலர் அளவில் விற்றது. 1989 செப்டம்பரில் போராட்டக்காரர்கள் நியூயார்க் பங்குச் சந்தைக்குள்ளேயே நுழைந்து தங்களைச் சங்கிலியால் கட்டிக்கொண்டார்கள். சில நாட்களில் விலை 20 சதவீதம் குறைந்தது.

கேள்வி: எங்கள் நோயில் பாதிக்கப்படுகிறவர்கள் ஏழைகள். அவர்களிடம் அறக்கட்டளையும் இல்லை, டாக்டர் பெற்றோரும் இல்லை. அவர்களுக்கு என்ன வழி?

பதில்: இதுதான் எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி. மைசீட்டோமாவை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்கிறவர்களுக்கு முள் குத்திய இடத்தில் வலியில்லாத சின்னக் கட்டியாக ஆரம்பித்து, தசை, எலும்பு வரை அரித்து, காலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். 1842-ல் மதுரையில் இருந்த ஜான் கில் என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. உலக சுகாதார நிறுவனத்தின் புறக்கணிக்கப்பட்ட நோய்ப் பட்டியலில் ஏறியது 2016-ல். நடுவில் எத்தனை தலைமுறை!

அது பட்டியலில் ஏறியதற்கு முக்கியக் காரணம் சூடானின் கார்ட்டூமில் 1991-ல் தொடங்கிய மைசீட்டோமா ஆராய்ச்சி மையமும் அதை நடத்திய பேராசிரியர் அகமது ஃபஹாலும். ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்துப் பதிவு செய்து வைத்திருந்தார்கள், அந்தப் பதிவுகள் இருந்ததால்தான் உலக மேடையில் பேச முடிந்தது. புறக்கணிக்கப்பட்ட நோய்களுக்கு மருந்து உருவாக்கும், லாப நோக்கில்லாத டி.என்.டி.ஐ அமைப்போடு சேர்ந்து, தினமும் விழுங்கும் மாத்திரைகளுக்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு முறை எடுக்கும் மருந்தை அங்கேயே சோதித்தார்கள், நல்ல பலன் தெரிந்தது. பிறகு சூடான் போரில் அந்த மையமே நாசமானது, பல பத்தாண்டுகளாகச் சேர்த்த மாதிரிகள் போய்விட்டன என்று 2025-ல் செய்தி வந்தது.

ஆகவே, நோயாளிகளால் அமைப்பு நடத்த முடியாத இடத்தில் அவர்களைத் தினமும் பார்க்கிற மருத்துவர்கள், செவிலியர்கள், சுகாதாரப் பணியாளர்கள்தான் அந்தப் பதிவேட்டைத் தொடங்க வேண்டும். நாம் பணம் கொடுப்பதாக இருந்தால் அந்த மாதிரி இடத்துக்குக் கொடுப்போம். பதிவேட்டின் பிரதி ஒன்று வேறு நாட்டிலும் இருக்கும்படி ஏற்பாடு செய்யச் சொல்லிச் சேர்த்தே கேட்போம்.

கேள்வி: எனக்கு நோயும் இல்லை, சொந்தத்திலும் யாருக்கும் இல்லை. நான் என்ன செய்ய?

பதில்: ஆய்வுகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தோடு ஒப்பிட ஆரோக்கியமானவர்களின் ரத்தமும் தேவைப்படும், அதற்கு ஆள் கிடைப்பது பல நேரம் கஷ்டம். உங்கள் பகுதியில் அப்படி ஓர் ஆய்வு நடந்தால் பெயர் கொடுங்கள். மொழி தெரிந்தவரானால் ஒரு நோயாளிக் குழுவின் பதிவுப் படிவத்தை மொழிபெயர்த்துக் கொடுங்கள், கணக்குத் தெரிந்தவரானால் வரவு செலவைப் பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கொடுப்பதானால் ஒரே தடவை பெரிய தொகையைவிட மாதாமாதம் சின்னத் தொகை கொடுங்கள், அதை நம்பித்தான் அவர்களால் ஓர் ஆராய்ச்சி மாணவரை வேலைக்கு வைக்க முடியும். கொடுத்த பணத்தில் என்ன ஆய்வு நடந்தது என்று வருடத்துக்கு ஒரு முறை எழுதிக் கேளுங்கள். நல்ல குழுவாக இருந்தால் அந்தக் கேள்வியைச் சந்தோஷமாக வரவேற்பார்கள்.